பக்கக் குழாயின் முழக்கமும் பக்கத்து வீட்டின் உறக்கமும்



பழைய மோட்டார் கார்களைப் பேணிக் காப்பது இன்று உலகெங்கும் ஒரு தனிக் கலையாகவே வளர்ந்திருக்கிறது. நம் நாட்டிலும் இக்கலைக்கு நெடிய வரலாறு உண்டு. ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழ் டில்லியில் 1964ஆம் ஆண்டிலும், கொல்கத்தாவில் 1968ஆம் ஆண்டிலும் தொடங்கிய பழங்கார் அணிவகுப்புகளை அந்நகரங்களில் வாழும் நம்மவர் பலர் கண்டு மகிழ்ந்திருப்பர். துடைத்து மெருகிட்ட விளக்குகளும், பழைய வண்ணம் மாறாத உடலும், தோல் இருக்கைகளும் கண்ணுக்கு விருந்தாவன. ஆனால், கார் என்பது கண்ணுக்கு மட்டும் உரிய பொருளன்று. அது காதுக்கும் உரியது. காதின் பங்கைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம். காரின் பக்கவாட்டில் ஓடும் புகைக் குழாயினுள் ஒலியைத் தணிக்கும் தடுப்பினை ஏன் பொருத்த வேண்டும், எவ்வாறு பொருத்த வேண்டும் என்பதே நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

கேட்பதற்கு இது ஒரு சிறு பட்டறை வேலை போலத் தோன்றும். ஆயினும் இதனுள் ஒலிநூல் இருக்கிறது, சட்டம் இருக்கிறது, உயிருக்கு ஊறு செய்யும் நச்சுப் புகையைப் பற்றிய எச்சரிக்கை இருக்கிறது, அயலாரோடு கூடி வாழும் பண்பும் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பெரும்பாலான கார்களில் எஞ்சினிலிருந்து வெளிப்படும் கழிவு வாயு, அடித்தட்டின் கீழாக ஓடும் குழாயின் வழியே சென்று, இடையில் சைலென்சர் என்னும் பருத்த உருளையைக் கடந்து, வண்டியின் பின்புறத்தில் வெளியேறுகிறது. சில கார்களில் மட்டும் அக்குழாய் முன் சக்கரத்திற்குப் பின்னே வெளிப்பட்டு, கதவின் கீழ் விளிம்பை ஒட்டி ஓடி, பின் சக்கரத்திற்கு முன்னரே முடிந்துவிடுகிறது. இதனையே பக்கக் குழாய் என்கிறோம். பந்தயக் கார்களுக்கு இவ்வமைப்பு மிகவும் ஏற்றது. குழாய் குறுகியதாக இருப்பதால் எடை குறையும். வாயு தடையின்றி வெளியேறும். அடித்தட்டின் கீழ் இடமும் மிஞ்சும்.

எஞ்சினின் குழாய்களை மறைக்காது வெளியே காட்டும் வழக்கம் 1930களிலேயே இருந்தது. அமெரிக்காவின் டூசன்பர்க் ‘எஸ்.ஜே.’ வகைக் கார்களில் மெருகிட்ட குழாய்கள் எஞ்சின் மூடியின் பக்கத்தைத் துளைத்துக்கொண்டு வெளிவந்தன. இந்தூர் மகாராஜா யஷ்வந்த்ராவ் ஹோல்கர் அவ்வகைக் கார் ஒன்றைத் தமக்கெனத் தனியே செய்வித்துக்கொண்டார். எனினும், பக்கக் குழாய் பொதுமக்களின் மனத்தில் பதிந்தது 1965ஆம் ஆண்டுக்குப் பின்னரே ஆகும். அவ்வாண்டில் செவ்ரோலே நிறுவனம் தன் ‘கார்வெட்’ காருக்குப் பக்கக் குழாயை விருப்பத்தின்பேரில் வாங்கக்கூடிய உறுப்பாக அளித்தது. 1967 வரை அது நீடித்தது. 1969இல் மீண்டும் வந்தது. அதே காலத்தில், கரோல் ஷெல்பி என்பார் இங்கிலாந்தின் ஏ.சி. கார்ஸ் நிறுவனம் செய்த உடலில் ஃபோர்டு நிறுவனத்தின் 7 லிட்டர் எஞ்சினைப் பொருத்தி, ‘கோப்ரா 427’ என்னும் காரை உருவாக்கினார். அதன் பந்தய வகையில் பக்கத்திற்கு நான்கு சிறு குழாய்கள் வெளிவந்து ஒரு பெருங்குழாயில் கூடும். அக்காரில் ஏறி இறங்குவோர் கணுக்காலுக்கு மேலே சூடுபட்டுக்கொள்வது வழக்கமாகிவிடவே, அந்நாட்டினர் அதற்குப் ‘பாம்புக் கடி’ என்றே பெயரிட்டனர்.

இனி, இக்குழாய்கள் ஏன் இவ்வளவு முழங்குகின்றன என்பதை அறிவோம். எஞ்சினின் சிலிண்டரில் கலவை எரிந்து, வெளியேற்று வால்வு திறக்கும் கணத்தில், உள்ளே அழுத்தம் மிகுந்து நிற்கும் வாயு வெடித்தாற்போல் வெளியே பாய்கிறது. ஊதிய காகிதப் பையை அறைந்து உடைக்கும்போது எழும் ஓசையும் இவ்வகையினதே. எட்டுச் சிலிண்டர் எஞ்சினில் ஒவ்வொரு சுற்றுக்கும் நான்கு வெடிப்புகள் நிகழும். நிமிடத்திற்கு 3000 சுற்று என்று கொண்டால், நொடிக்கு 200 வெடிப்புகள், பக்கத்திற்கு 100.

இவ்வெடிப்புகள் ஒரு பக்கத்தில் சம இடைவெளியில் வருவதில்லை என்பதுதான் சுவையான செய்தி. செவ்ரோலேயின் எட்டுச் சிலிண்டர் எஞ்சினில் எரியும் வரிசை 1, 8, 4, 3, 6, 5, 7, 2 என்பது. இதில் ஒற்றைப்படை எண்கள் யாவும் இடப்பக்கத்தைச் சேர்ந்தவை. ஒரு வெடிப்புக்கும் அடுத்த வெடிப்புக்கும் உள்ள இடைவெளியை ஒரு மாத்திரை என்று வைத்துக்கொண்டு இடப்பக்கத்தை மட்டும் எண்ணிப் பார்த்தால், மூன்று, இரண்டு, ஒன்று, இரண்டு என்று மாத்திரைகள் வருகின்றன. கூட்டினால் எட்டு. ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனத்திற்கும் எட்டே எண்ணிக்கை என்பதை நம் நேயர்கள் நினைவுகூரலாம். இரு பக்கத்து வாயுவும் கலந்து ஒரே வழியில் சென்றால் இத்தாளக்கட்டு மங்கிவிடும். பக்கக் குழாயிலோ இரு பக்கமும் கலவாமல் தனித்தனியே ஒலிக்கின்றன. ஆகவேதான் அக்கார்களின் குரலில் அந்தத் தனித்த துள்ளல் கேட்கிறது. அதன்மேல் காதல் கொண்டவர்களைக் குறை கூறுவதற்கில்லை.

ஆனால், நாகசுரம் கோயில் வீதிக்கும் திறந்த வெளிக்கும் உரிய கருவி. அதே வாத்தியத்தைச் சிறு அறையில் அமர்ந்து முழு மூச்சுடன் ஊதினால், வித்துவான் எத்துணைச் சிறந்தவராயினும் கேட்போர் எழுந்து வெளியே போவர். பந்தயத் திடலுக்கெனப் பிறந்த குழாயைக் குடியிருப்பு வீதிக்குக் கொண்டுவரும்போது நேர்வதும் அதுவே. அதற்கு மாற்று ஒன்று வேண்டும்.

மாற்று புதியதன்று. புகைக் குழாயின் ஓசையை அடக்கும் கருவிக்கு அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தைச் சேர்ந்த ரீவ்ஸ் உடன்பிறந்தார் 1897ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றனர். துப்பாக்கியின் ஓசையை அடக்கும் குழலைக் கண்டறிந்த ஹைரம் பெர்சி மாக்சிம், அதே நெறியை எஞ்சின்களின் புகைக் குழாய்க்கும் பயன்படுத்தினார். அன்று முதல் இன்று வரை வழிகள் இரண்டே. ஒன்று, ஒலியலையைத் தடுத்துத் திருப்பி அனுப்பி, அலையை அலையாலேயே தணிப்பது. மற்றொன்று, துளையிட்ட குழலைச் சுற்றிக் கண்ணாடி நார் போன்ற பொருளை வைத்து, அலையின் ஆற்றலை நாரினுள் வெப்பமாக்கிவிடுவது.

பக்கக் குழாயில் பெரிய சைலென்சர் வைக்க இடமில்லை. ஆகையால், குழாயின் உள்ளேயே செருகக்கூடிய சிறு கருவி வேண்டியதாயிற்று. இதனைத் தொழிலாளர் பாஃபிள் என்பர். நாம் தடுப்பு என்றே வழங்குவோம். தடுப்புகள் மூவகைப்படும். முதல் வகை, நடுவில் துளையுள்ள வட்டத் தகடு அல்லது கூம்பு. இரண்டாவது, திருகு சுருள். வாயு நேரே ஓடாமல் சுழன்று சுழன்று செல்லும்படி அமைந்தது. மூன்றாவது, உடலெங்கும் துளைகள் இட்டு, மேலே நார் சுற்றிய நீண்ட குழல்.

முதல் வகை மலிவானது, செய்யவும் எளிது. ஆனால் கணக்குத் தவறினால் கேடு பெரிது. துளையின் விட்டத்தைக் குழாயின் விட்டத்தில் பாதியாக்கினால் வழியும் பாதியாகும் என்று பலர் எண்ணுவர். உண்மையில் பரப்பு நான்கில் ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது. வாயு வெளியேற வழியின்றிப் பின்னுக்குத் தள்ளினால், எரிந்த வாயுவின் ஒரு பகுதி சிலிண்டரிலேயே தங்கும், புதிய கலவை உள்ளே வருவது குறையும், ஆற்றல் குன்றும், வெளியேற்று வால்வு அளவுக்கு மீறிச் சூடேறும். ஓசையை அடக்கப் போய் எஞ்சினை இழப்பது அறிவுடைமை ஆகாது. ஆதலால், நடு வழியை அகலமாகவே விட்டுவைத்து, சுற்றிலும் நாரால் ஒலியை வாங்கும் மூன்றாம் வகையே பழங்காருக்கு ஏற்றது என்பது நம் கருத்து.

இம்மூன்றாம் வகைக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. சூடான வாயுவில் ஒலி விரைந்து செல்லும். 400 பாகை செல்சியஸ் வெப்பத்தில் நொடிக்கு ஏறத்தாழ 520 மீட்டர். நொடிக்கு 100 அதிர்வுள்ள ஒலியின் அலை நீளம் அவ்வெப்பத்தில் ஐந்து மீட்டருக்கு மேல். முழங்கை நீளமுள்ள தடுப்பு அத்துணை நீண்ட அலையை முற்றும் விழுங்க முடியாது. ஆனால், காதைக் கிழிக்கும் மேலோசைகளின் அலைகள் குறுகியவை; அவற்றை நார் எளிதில் வாங்கிக்கொள்ளும். விளைவு என்ன? கூர்மையான மேலோசை மறையும். கீழ்ச் சுருதியின் முழக்கமும், நாம் முன்னே எண்ணிய மாத்திரைக் கட்டும் எஞ்சி நிற்கும். காரின் குரல் மாறுவதில்லை. கூச்சல் மட்டும் தணிகிறது.

“பழங்காரில் எதையும் மாற்றலாகாது, தொழிற்சாலை எப்படி அனுப்பியதோ அப்படியே இருக்க வேண்டும்” என்று வாதிடுவோர் உளர். மதிக்கத்தக்க வாதமே. ஆயினும், அக்காலக் கார்வெட்டின் பக்கக் குழாய் வெறுங்குழாயாக வரவில்லை என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். வெளிப்புற மூடியின் உள்ளே சென்ற குழாய் இடையிடையே நெரிக்கப்பட்டு, சிறு சிறு அறைகளாக அமைந்து, ஓரளவு ஒலியைத் தணித்தது. பின்னாளில் சந்தையில் வந்த வெறுங்குழாய்களை வாங்கி மாட்டியவர்கள்தாம் முழக்கத்தைப் பெருக்கினர். தடுப்பு வைப்பது மரபை மீறுவதாகாது. ஒரு வகையில் மரபுக்குத் திரும்புவதே ஆகும்.

இனி வேலைக்கு வருவோம். முதற்பணி அளத்தல். எஞ்சின் முற்றும் குளிர்ந்த பின், குழாயின் பின்முனையின் உள்விட்டத்தை வெர்னியர் கருவியால் மூன்று திசைகளில் அளக்க வேண்டும். அறுபது ஆண்டுகளைக் கடந்த குழாய் முழு வட்டமாகவே இருக்கும் என்று கொள்வதற்கில்லை. மூன்று அளவுகளில் சிறியதை எடுத்துக்கொண்டு, அதினும் ஒன்று அல்லது ஒன்றரை மில்லிமீட்டர் சிறிய வெளிவிட்டம் உள்ள தடுப்பைத் தேர்ந்துகொள்ள வேண்டும். இரு பக்கத்திற்கும் ஒரே வகை, ஒரே நீளம் வேண்டும்.

எப்பொருளால் ஆனது என்பதும் முக்கியம். நம் வீடுகளில் எவர்சில்வர் என்று வழங்கும் துருவேறா எஃகே சிறந்தது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் உண்டாகிறது என்பது பலர் அறியாத செய்தி. அந்நீர் ஆவியாக வெளியேறினும், குளிர்ந்த குழாயில் மீண்டும் நீராகித் தங்கும். நாள்தோறும் ஓடாத பழங்காரில் இந்த ஈரமே குழாயைத் தின்னும் முதற்பகை. சாதாரண இரும்புத் தடுப்பு விரைவில் துருவாகி உதிரும். செலவைக் குறைக்க எண்ணி, தண்ணீர்க் குழாய்க் கடையில் கிடைக்கும் துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாயை வாங்கித் துளையிட்டுத் தடுப்பாக்குவதும் கூடாது. துத்தநாகம் 420 பாகைக்குள்ளாகவே உருகிவிடும். அதனை வெல்டிங் செய்யும்போது எழும் வெண்புகை தொழிலாளிக்குக் குளிர்காய்ச்சலை உண்டாக்கும்.

பழைய நாரும் தூசும் குழாயினுள் இருந்தால் அவற்றை நீக்குவதில் விழிப்பு வேண்டும். அக்காலத்து உறுப்புகளில் கல்நார் இருந்திருக்கலாம். அதன் தூசு நுரையீரலுக்குப் பெருங்கேடு விளைவிப்பது. காற்றழுத்தக் குழாயால் ஊதாமல், நீர் தெளித்து நனைத்து, தக்க முகக்கவசமும் கையுறையும் அணிந்து எடுத்துப் பையில் கட்டிவிடுதல் நலம்.

வண்டியை ஜாக்கியால் தூக்கிய பின் உறுதியான தாங்கிகளின் மேல் நிறுத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே புகுதல் ஒருபோதும் தகாது. கூடுமாயின் குழாயைக் கழற்றி மேசைமேல் வைத்து வேலை செய்வது நன்று. கார்வெட்டின் உடல் கண்ணாடி நாரும் பிசினும் கலந்து வார்த்தது. தீப்பொறி பட்டால் கருகிவிடும். வெல்டிங் செய்ய நேர்ந்தால் குழாயை வண்டியிலிருந்து அகற்றியே செய்ய வேண்டும்.

குழாயின் உள்முனையில் உள்ள பிசிறுகளை அரத்தால் நீக்கி, கரியைச் சுரண்டித் துடைத்த பின், தடுப்பைச் செருகி அது தடையின்றிச் செல்கிறதா என்று பார்க்க வேண்டும். பின்னர், முனையிலிருந்து மூன்று அல்லது நான்கு சென்டிமீட்டர் உள்ளே தள்ளி, குழாயின் அடிப்புறத்தில் குறியிட்டு, முதலில் சிறு துளையும் பின்னர் 6 மில்லிமீட்டர்த் துளையும் இட வேண்டும். அடிப்புறம் என்பதைக் கருத்திற்கொள்க. பக்கத்தில் இட்ட துளை கண்ணுக்குத் தெரியும், அழகு குன்றும். தடுப்பின் வளையத்தில் உட்புறமாக ஒரு நட்டைப் பற்றவைத்திருந்தால், கீழிருந்து ஒரு போல்ட் போதும். போல்ட்டும் துருவேறா எஃகாக இருக்கட்டும். மறையில் சூட்டைத் தாங்கும் பசையைத் தடவி முடுக்கினால், ஓராண்டு கழித்துக் கழற்றும்போது அது ஒட்டிக்கொண்டு முரண்டு பிடிக்காது.

ஏன் ஒரே முனையில் இணைக்கச் சொல்கிறோம்? 45 சென்டிமீட்டர் நீளமுள்ள துருவேறா எஃகுத் தடுப்பு, 400 பாகை சூடேறும்போது ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் நீள்கிறது. அதே நீளமுள்ள சாதாரண எஃகுக் குழாய் 2 மில்லிமீட்டரே நீளும். அதிலும் குழாயின் வெளிப்புறம் காற்றுப் பட்டுக் குளிர்வதால் நீட்சி இன்னும் குறையும். இரு முனைகளையும் இறுக்கிவிட்டால் இவ்வேறுபாடு போல்ட்டை வெட்டும். அல்லது தடுப்பை வளைக்கும். ஒரு முனையை இறுக்கி மறுமுனையை உரிமையாக விட வேண்டும். அம்முனை குழாயில் மோதிக் கலகலக்காமலிருக்க, துருவேறா எஃகுக் கம்பி வலையால் ஒரு வளையம் சுற்றினால் போதும்.

பொருத்திய பின் சோதனை. எஞ்சினைத் திறந்த வெளியில் இயக்கி, இணைப்புகளில் கசிவு உண்டா என்று கூர்ந்து கவனிக்க வேண்டும். இது வெறும் ஓசைக் கசிவு பற்றிய பேச்சன்று. கழிவு வாயுவில் கார்பன் மோனாக்சைடு உள்ளது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. குருதியில் உள்ள ஹீமோகுளோபின் பிராணவாயுவைப் பற்றுவதைவிட இருநூறு மடங்குக்கு மேல் இதனைப் பற்றிக்கொள்ளும். பக்கக் குழாய் முடியுமிடம் கதவுக்கும் சன்னலுக்கும் மிக அருகில் என்பதை மறவாதீர்கள். மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓட்டிச் சோதிப்பது உயிரைப் பணயம் வைப்பதாகும்.

அடுத்து, எஞ்சினுக்கு மூச்சு முட்டவில்லை என்பதை உறுதி செய்ய வேண்டும். உள்ளிழுப்புக் குழாயில் வெற்றிட அளவுமானியை இணைத்து, தடுப்பு வைப்பதற்கு முன்னும் பின்னும் 2500 சுற்றில் சிறிது நேரம் நிலையாக ஓட்டிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். பின்னைய சோதனையில் முள் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால் வழி அடைபடுகிறது என்று பொருள். தடுப்பை மாற்ற வேண்டும். முள் நிலைத்து நின்றாலும், சில நாள் ஓட்டிய பின் ஸ்பார்க் பிளக்கின் நிறத்தைப் பார்த்துக் கார்புரேட்டரைச் சிறிது சீர்செய்ய வேண்டி வரலாம்.

ஓசை எவ்வளவு குறைந்தது என்பதையும் ஊகத்தால் சொல்லாமல் அளந்தே அறிதல் வேண்டும். குழாயின் வாயிலிருந்து அரை மீட்டர் தொலைவில், 45 பாகைச் சாய்வில் ஒலிமானியை வைத்து அளப்பது உலகெங்கும் வழங்கும் முறை. இன்று கைப்பேசியிலேயே இதற்கான வசதி உண்டு. அதன் எண் துல்லியமாக இராது; எனினும் ஒரே கருவியால், ஒரே இடத்தில், ஒரே சுற்று வேகத்தில் முன்னும் பின்னும் அளந்தால் வேறுபாடு விளங்கும். பத்து டெசிபெல் குறைந்தால், ஓசை பாதியாகக் குறைந்ததாக நம் செவி உணரும். 85 டெசிபெல் ஓசையை நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் தாங்கலாம் என்றும், மூன்று டெசிபெல் கூடுந்தோறும் அந்நேரம் பாதியாகும் என்றும் அமெரிக்கத் தொழில்நல வல்லுநர் வரையறுத்துள்ளனர். அக்கணக்கின்படி 100 டெசிபெலுக்குக் கால் மணி நேரமே. முதலில் கெடுவது ஓட்டுபவரின் செவியே என்பதை ஆர்வலர்கள் உணர வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? கார்வெட்டும் கோப்ராவும் மிகுந்து ஓடும் கலிஃபோர்னியா மாநிலத்தில், கார்களின் புகைக் குழாய் ஓசைக்கு 95 டெசிபெல் எல்லையாக விதிக்கப்பட்டுள்ளது. நம் நாட்டில் 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளுள் 120ஆம் விதி, ஒவ்வொரு மோட்டார் வண்டியிலும் ஓசையை இயன்ற அளவு குறைக்கும் சைலென்சர் இருத்தல் வேண்டும் என்கிறது. 112ஆம் விதி, கழிவு வாயு கீழ்நோக்கியோ வண்டியின் இடப்புறமாகவோ வெளியேறலாகாது என்கிறது. சாலையின் இடப்புறம் செல்லும் நாட்டில் இடப்புறம் நடந்து போவோர் முகத்தில் புகை படலாகாது என்னும் காரணத்தை எவரும் ஊகிக்கலாம். இடப்புறத்திலும் குழாயுள்ள காரை நம் சாலைக்குக் கொண்டுவர விரும்புவோர் இவ்விதியை முதலில் ஆராய வேண்டும்; தடுப்பு ஓசையைத் தணிக்குமே அன்றிப் புகையின் திசையை மாற்றாது. ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட பழங்கார்களைத் தனியே பதிவு செய்யவும், அவற்றுக்கு ‘வி.ஏ.’ என்னும் எழுத்துடைய எண் தரவும் 2021இல் விதி செய்யப்பட்டது. கண்காட்சி, அணிவகுப்பு, எரிபொருள் நிரப்புதல், பழுதுபார்த்தல் ஆகியவற்றுக்கே அவை வெளிவரலாம். அன்றாடப் பயணத்திற்கு ஆகா.

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபெலும், இரவில் 45 டெசிபெலும் எல்லையாக வகுத்துள்ளன. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி நூறு மீட்டர் வரை அமைதிப் பகுதியாக அறிவிக்கவும் அவை இடம் தருகின்றன. ஆனால், ஒவ்வொரு வீதியிலும் காவலர் ஒலிமானியுடன் நிற்பதில்லை. அங்கே காவலாக நிற்பது நம் நல்லுணர்வு ஒன்றே.

மாதுங்காவிலும் கரோல் பாகிலும் கொல்கத்தாவின் ஏரிப் பகுதியிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் நம்மவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. சுவரை அடுத்துச் சுவராக வேற்று மொழியாளரோடு வாழும்போது, நாம் பேசும் மொழி அவர்க்கு விளங்காமற் போகலாம். நாம் எழுப்பும் ஓசை விளங்காமற் போவதில்லை. இரவுப் பணி முடித்து வந்து பகலில் உறங்கும் தொழிலாளி, தேர்வுக்குப் படிக்கும் மாணவர், தொட்டிலில் கிடக்கும் குழந்தை, நோயுற்ற முதியவர் இவர்கள் எவரும் 1965ஆம் ஆண்டுக் காரின் அருமையை அறிந்தவர் அல்லர். அறிய வேண்டும் என்ற கட்டாயமும் அவர்களுக்கு இல்லை.

இதில் பழங்காரின் எதிர்காலமும் அடங்கியிருக்கிறது. ஒருவர் அதிகாலையில் எழுப்பும் முழக்கம் ஊரார் மனத்தில் எல்லாப் பழங்கார்களின்மீதும் வெறுப்பை வளர்க்கும். வெறுப்பு முறையீடாகும், முறையீடு தடையாகும். தடை வந்தபின், பொறுப்போடு வண்டியைப் பேணியவரும் சேர்ந்தே இழப்பர். அணிவகுப்பில் காரைக் கண்டு வியக்கும் அடுத்த தலைமுறைக்கு அக்காட்சி கிடைக்காமற் போகும்.

தடுப்பு எல்லாவற்றையும் தீர்க்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கீழ்ச் சுருதியின் முழக்கம் எஞ்சும் என்றோம். அதுவே சுவரைக் கடந்து செல்ல வல்லது. ஆகவே, வீதியில் வண்டியை நிறுத்தி எஞ்சினை உறுமவிடாமல், மெல்ல நகர்த்திச் சென்று, திறந்த சாலையில் சூடேற்றிக்கொள்வது ஓட்டுபவரின் கடமை. நார் நாளடைவில் உதிரும். ஓசை மீண்டும் கூர்மையாவதைக் காது சொல்லும்போது புதிய நார் சுற்ற வேண்டும்.

தடுப்பை வெல்டிங் செய்து நிரந்தரமாக்காமல் ஒரு போல்ட்டினால் இணைக்கச் சொன்னதற்கு இறுதியாக ஒரு காரணம் உண்டு. பழம்பொருளைப் பேணுவோர் உலகெங்கும் கைக்கொள்ளும் நெறி, செய்த மாற்றத்தை நீக்கிப் பழைய நிலைக்கு மீள வழி வைத்திருத்தல் என்பதாகும். நடுவர்கள் காரை ஆராயும் நாளில் போல்ட்டைக் கழற்றித் தடுப்பை வெளியே எடுக்கலாம்; வீடு திரும்புமுன் மீண்டும் செருகி முடுக்கலாம். இரு பக்கத்திற்கும் சேர்த்து ஒரு மணி நேர வேலை. காரின் பழமைக்கும் குறைவில்லை. அயலாரின் உறக்கத்திற்கும் இடையூறில்லை.